கண்ணுக்கு வைத்த பொம்மைகள்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

கலைக் கண்காட்சி என்றதும் நகரத்து மண்டபமும், நுழைவுச் சீட்டும், 'தொடாதீர்கள்' என்ற பலகையும் நம் நினைவுக்கு வருகின்றன. நுழைவுச் சீட்டும் காவலாளியும் இல்லாத, பூட்டும் நேரமும் இல்லாத ஒரு கண்காட்சி நம் தெருக்களில் நாள்தோறும் நடந்து கொண்டிருக்கிறது. நாம்தான் அதைப் பார்த்தும் பாராதவர்களாய்க் கடந்து போகிறோம்.

ஒருநாள் காலை கல்லூரிக்குப் புறப்பட்டபோது, வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அதைக் கணக்கெடுத்துக்கொண்டே நடந்தேன். பாதி எழும்பிய மாடி வீட்டின் சாரத்தில் ஒரு வைக்கோல் பொம்மை தொங்கியது. பழைய கால்சட்டை, கிழிந்த சட்டை, தலைக்கு ஒரு கரிச்சட்டி. சுண்ணாம்பால் உருட்டி விழிக்கும் கண்கள், முறுக்கிய மீசை, வெளியே நீட்டிய சிவந்த நாக்கு. மளிகைக் கடை வாயிலில் நூலில் கோத்த எலுமிச்சையும் பச்சை மிளகாயும். அடுத்த வீட்டு நிலைப்படியில் கறுப்புக் கயிற்றில் கட்டிய படிகாரம். அதற்கும் அடுத்த வீட்டில் மண்ணும் நீரும் இன்றியே தளிர் விட்டுக்கொண்டு தொங்கிய ஆகாச கருடன் கிழங்கு. தறிக்கூடம் ஒன்றின் சுவரில் வாய் பிளந்த அரக்கன் முகம். நெல் ஏற்றி நின்ற லாரியின் முன்னால் ஒரு குழந்தைச் செருப்பு. முந்தைய நாள் யாருக்கோ சுற்றிக் கொட்டிய ஆரத்தியின் செந்நிறக் கறை நடுத்தெருவில் உலர்ந்து கிடந்தது. இவை எல்லாவற்றையும் சுற்றி, வீட்டுக்கு வீடு அரிசி மாவுக் கோலங்கள்.

ஐந்து நிமிட நடையில் இத்தனை! இவற்றைச் செய்தவர்களில் ஒருவர்கூடத் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஆயினும் ஒவ்வொன்றிலும் உருவம் உண்டு, வண்ணம் உண்டு, பார்ப்பவரை ஒரு கணம் நிறுத்தும் ஆற்றல் உண்டு. இவை எதற்காக வைக்கப்படுகின்றன, இவற்றின் பின்னால் உள்ள நம்பிக்கை எப்படி இயங்குகிறது, அதில் எதை நாம் பாதுகாக்கலாம், எதைக் கைவிட வேண்டும் என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுத முயல்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றே என்னை எழுதத் தூண்டியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அழிவதற்கென்றே ஒரு கலை

கோயில் சிற்பம் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்று செதுக்கப்படுகிறது. தெருவில் காணும் இந்தக் கலையோ அழிவதற்கென்றே செய்யப்படுகிறது. கோலம் காலையில் மலர்ந்து, எறும்புக்கு இரையாகி, மாலைக்குள் மறைந்துவிடும். வீடு கட்டி முடிந்து குடி புகுந்தால் வைக்கோல் பொம்மைக்கு அங்கே வேலை இல்லை. எலுமிச்சை வாடினால் புதியது வரும். திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்து விழாவில், படுகளத்தன்று துரியோதனன் உருவத்தைத் தரையில் மண்ணாலேயே மிகப் பெரிதாகச் செய்து கிடத்துவார்கள். வீமன் அவன் தொடையைப் பிளந்தபின் அந்த உருவம் மீண்டும் வெறும் மண்ணாகிவிடும். அழிவதிலேதான் அதன் பயன் நிறைவேறுகிறது.

அழிந்துபோகும் கலை என்பதால் அறிவுக்கு அங்கு இடமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1970களில் நம் கோலங்களை எடுத்துக்கொண்டு, கணினி அறிவியலில் உள்ள இலக்கண விதிகளால் அவற்றை விளக்கிக் காட்டினார்கள். வாசலில் குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் விரலிடுக்கில் அத்தனை கணக்கு ஒளிந்திருக்கிறது!

இனி, கண்ணேறு கழிக்கும் பொருள்களின் செயல்முறையைக் காண்போம். கூர்ந்து பார்த்தால் அவை இரண்டு வகைக்குள் அடங்கும். முதல் வகை, பார்வையைத் திசை திருப்புபவை. புது வீட்டைப் பார்க்க வருபவரின் கண் வீட்டின்மேல் விழுவதற்கு முன்பே பொம்மையின்மேல் விழ வேண்டும், 'இதென்ன கோரம்!' என்று அவர் திகைக்க வேண்டும், அல்லது சிரிக்க வேண்டும். முதற் பார்வையின் வேகம் அங்கேயே தணிந்துவிடும் என்பது எண்ணம். குழந்தையின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டும், கொல்லையில் நிற்கும் சோளக்காட்டு பொம்மையும் இந்த வகையே. அழகின் நடுவே வேண்டுமென்றே ஓர் அவலட்சணத்தை வைப்பதுதான் இதன் நுட்பம்.

இரண்டாவது வகை, தீங்கைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு அழிபவை. சாம்பல் பூசணிக்காயின் மேல்பகுதியில் துளையிட்டுக் குங்குமமும் சில்லறைக் காசும் இட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, மூன்று முறை சுற்றித் தெருவில் போட்டு உடைக்கிறோம். உயிர்ப்பலிக்கு ஈடாக வந்த வழக்கம் இது என்று கூறுவோர் உண்டு. உடைந்த காயின் வெண்மையில் பரவும் செம்மையைப் பார்த்தால் அக்கூற்று பொருந்துவதாகவே தோன்றுகிறது. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்குவதும், ஆரத்தி நீர் தெருவில் கொட்டப்படுவதும் இவ்வகையே.

ஆரத்தி சிவப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. மஞ்சளில் 'குர்குமின்' என்றொரு நிறமி இருக்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. காரம் பட்டால் அந்த நிறமி மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும். வேதியியல் கூடத்தில் மஞ்சள் தாளைக் கொண்டு காரத்தைச் சோதிப்பதும் இதே அடிப்படையில்தான். நம் பாட்டிமார் இந்தச் சோதனையைக் காலம் காலமாக ஒவ்வொரு நல்ல நாளிலும் செய்து வந்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வேறு.

எதற்கு இந்த அச்சம்?

கண்ணேறு என்பது நமக்கு மட்டும் உரிய அச்சமன்று. துருக்கி நாட்டில் நீலக் கண்ணாடியில் கண் வடிவம் செய்து வீட்டிலும் வண்டியிலும் தொங்கவிடுகிறார்கள். இத்தாலியில் சிறு கொம்பு வடிவை அணிகிறார்கள். அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஆலன் டண்டஸ் பல நாட்டுச் செய்திகளைத் தொகுத்து இதற்கென்றே 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். நாடு எதுவானாலும் அடிப்படை ஒன்றே: பிறர் பொறாமை நம்மைத் தாக்கும் என்ற அச்சம். வள்ளுவரும் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொறாமை கொண்டவனையே அது கெடுக்கும் என்பது வள்ளுவர் கண்ட முடிவு. பொறாமைக்கு ஆளானவனைக் கெடுக்கும் என்பது தெருவின் முடிவு.

இந்த அச்சம் எங்கே மிகுதியாகத் தலைகாட்டுகிறது? மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் 1915 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். அந்தத் தீவினர் அமைதியான காயலில் மீன் பிடிக்கப் போகும்போது மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை. அலை புரளும் ஆழ்கடலுக்குப் போகும்போதோ விரிவான சடங்குகள் செய்கிறார்கள். அறிவும் திறமையும் போதுமான இடத்தில் மந்திரம் தேவைப்படவில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் உள்ள இடத்தில்தான் தேவைப்படுகிறது என்று அவர் கண்டார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பாருங்கள். பொம்மை தொங்குவது பழைய ஓட்டு வீட்டில் அன்று. கடன் வாங்கிக் கட்டும் புது வீட்டில். எலுமிச்சை தொங்குவது சைக்கிளில் அன்று; தவணையில் வாங்கிய லாரியில். நாமக்கல் லாரிக்காரர் மாதக்கணக்கில் வடநாட்டுச் சாலையில் ஓடுகிறார். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிக்காரர் எந்தப் பாறையில் துளை மாட்டிக்கொள்ளுமோ என்று முன்பணம் போட்டுப் போகிறார். எங்களைப் போன்ற தறிக்காரர்கள் நூல் விலை நாளை என்ன ஆகும் என்று தெரியாமலே இன்று பாவு ஏற்றுகிறோம். நெசவாளர் ஊர்களில் பாவடி என்றொரு பொது இடம் உண்டு. விடியற்காலையில் அங்கே பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். மழை ஒன்று எதிர்பாராமல் வந்தால் அத்தனை உழைப்பும் வீண். இத்தனை நிச்சயமின்மையோடு வாழ்பவர் ஒரு மிளகாயையும் எலுமிச்சையையும் கட்டித் தொங்கவிட்டால், 'மூடர்' என்று நகைப்பது எளிது. அந்த மிளகாய் அவர் அச்சத்தின் எழுத்து. படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

சேலத்துத் தெருவில் இரண்டு ஊர்வலங்கள்

நம்பிக்கையைத் தெருவில் காட்சியாக்கும் வழக்கத்தைச் சிறு பொம்மைகளைவிடப் பெரிய அளவில் காண விரும்பினால் ஆடி மாதத்தில் சேலத்துக்குப் போக வேண்டும். நெசவாளர் மிகுந்த குகைப் பகுதியில் மாரியம்மன், காளியம்மன் விழாவை ஒட்டி நடக்கும் வண்டி வேடிக்கை புகழ் பெற்றது. அம்மாப்பேட்டையிலும் உண்டு. வண்டிகளை அலங்கரித்து, அவற்றின்மேல் இளைஞர்கள் கடவுளர் வேடமும் புராண மாந்தர் வேடமும் பூண்டு அசையாமல் நின்றும் அமர்ந்தும் காட்சி தருவார்கள். முன்பு மாட்டு வண்டிகள். இப்போது மோட்டார் வண்டிகளும் மின்விளக்குகளும். இரவு முழுதும் கண் கொட்டாமல் கூட்டம் பார்க்கும். பொழுது விடிந்தால் கிரீடம் அட்டையாகிவிடும். சிவபெருமான் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போவார்.

இதே சேலத்துத் தெருக்கள் வேறொரு ஊர்வலத்தையும் கண்டன. 1971 சனவரியில் திராவிடர் கழகத்தின் சார்பில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு இங்கு நடைபெற்றது. தந்தை பெரியார் கலந்துகொண்ட அந்த மாநாட்டின் ஊர்வலத்தில், புராணங்களை மறுக்கும் நோக்கில் அமைந்த உருவங்களும் காட்சிகளும் வண்டிகளில் வந்தன. எதிர்ப்பு எழுந்தது, அதனால் விளைந்த வாதம் அதே ஆண்டு மார்ச்சு மாதத் தேர்தலிலும் ஒலித்தது, 2020இல்கூட அது மறுபடி நாடெங்கும் பேசப்பட்டது. யார் செய்தது சரி என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. வரலாற்று மாணவி என்ற முறையில் நான் கவனிப்பது ஒன்றுதான்: நம்புகிறவரும் மறுப்பவரும் மக்களிடம் பேச எடுத்துக்கொண்ட கருவி ஒன்றே. வண்டி, உருவம், தெரு. ஒரு கருத்து ஏட்டில் இருக்கும்வரை அது சிலருடையது; தெருவுக்கு வந்தால்தான் எல்லோருடையதும் ஆகிறது என்பதை இரு சாராரும் அறிந்திருந்தார்கள்.

பூசணிக்காயும் அத்தையும்

இனி, எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள். அப்பா, அம்மா, அப்பாயி, நான், அத்தை ஆகியோர் கொண்ட குடும்பம். அத்தை அப்பாவின் தங்கை. கணவரை இழந்து எங்களோடு இருப்பவர். எங்கள் தெருவில் அவரைப் போலக் கோலம் போட வேறு யாருமில்லை. ஆனால் யாரேனும் நல்ல காரியத்திற்குப் புறப்பட்டால் அத்தை தாமாகவே உள்ளே போய்விடுவார். யாரும் சொல்வதில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியலில் அப்பா சேலைக் கட்டை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். அந்நேரம் அத்தை குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்துவிட்டார். அப்பா ஒன்றும் நினைக்கவில்லை, போய்விட்டார். சாலையோரப் பட்டறை ஒன்றின் முன் முந்தைய இரவு உடைத்த பூசணிக்காய்கள் கூழாய்க் கிடந்தன. அரையிருட்டில் வண்டி சறுக்கிற்று. அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. சேலைகளில் பாதி சேறு. ஆறு வாரம் மாவுக்கட்டு. தறியை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம். அந்தத் தீபாவளி எங்களுக்குக் கடனோடுதான் வந்தது.

நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பொறப்படறப்ப யாரு எதிர்ல வந்தாங்க?"

சாலையில் கிடந்த பூசணிக்காயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அத்தையின் கையில் நிறைகுடம் இருந்ததே. சகுன சாத்திரப்படி அது நல்லதாயிற்றே என்றும் ஒருவரும் சொல்லவில்லை. சாத்திரத்திலும் வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அத்தை மூன்று நாள் புறக்கடையைவிட்டு வரவில்லை. அம்மாவோ, கண்பட்டதால் வந்த வினை என்று, அப்பாவுக்குச் சுற்றிப்போட இன்னொரு பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னார்!

நான்காம் நாள் அப்பா கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் அமர்ந்து, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "என் வண்டிச் சக்கரத்துல ஒட்டிக்கிட்டு வந்தது பூசணி விதை. என் தங்கச்சி கண்ணு இல்ல."

அப்பா மேடைப் பேச்சாளர் அல்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் காரணம் எது, காரியம் எது என்று இவ்வளவு தெளிவாக வேறு யாரும் எனக்குக் கற்பித்ததில்லை. அப்பாயி சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "கண்ணு, பூசணிக்காய் கண்ணேறைத்தான் எடுக்கும்னு இருந்தேன், காலையும் வாரிவிடும்னு தெரியாமப் போச்சே" என்றார். அத்தைகூடச் சிரித்துவிட்டார்.

எதை வைப்பது? எதை விடுவது?

அன்று எனக்குப் புலப்பட்டது இதுதான். சாரத்தில் தொங்கும் பொம்மை யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதில்லை. 'எல்லோரும் என்னைப் பாருங்கள்' என்று தன் கோர முகத்தைக் காட்டி நிற்கிறது, அவ்வளவே. அது கலை. அதனால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அதே நம்பிக்கை பொம்மையைவிட்டு இறங்கி, 'இவள் கண்தான்' என்று ஒரு மனிதரை நோக்கி விரல் நீட்டும்போது அது கொடுமையாகிறது. கைம்பெண், பிள்ளையில்லாதவள், வளர்ந்து வருபவனைக் கண்டு ஏங்கும் ஏழை: விரல் நீளுவது எப்போதும் எதிர்த்துப் பேச முடியாதவர் பக்கமே. வண்டிக்காரர் வழுக்கி விழும்படி சாலை நடுவில் பூசணிக்காயை உடைத்துவிட்டுப் போவதும் இத்தகையதே. நம் தீங்கு நீங்க வேண்டும் என்று அதை அடுத்தவர் காலடியில் தள்ளுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜையின்போது காவல்துறையினர் சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று வேண்டுகோள் விடுக்கிறார்கள். மறுநாள் காலையில் அள்ளி மாளாமல் துப்புரவுப் பணியாளர்கள் அல்லற்படுகிறார்கள்.

நம் அரசியலமைப்பில் 1976இல் 42ஆம் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் அங்கே ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை உடையவரை இகழ்வது முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்வதாகும். நம்பிக்கையால் துன்புறுவோரைக் காணாதிருப்பது இரண்டையும் விட்டுவிடுவதாகும்.

ஆகவே தோழர்களே, பெரிய காரியம் எதையும் நான் வேண்டவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு மறுநாள் நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு விடியுமுன் சாலைக்கு வரட்டும். உடைத்தவரோடு வாதிட வேண்டாம். கிடப்பதை ஓரமாய்த் தள்ளினால் போதும். உடைக்கிறவரிடம், 'வீட்டோரமாக உடையுங்கள், உடைத்ததை அள்ளிவிடுங்கள்' என்று மட்டும் கேட்போம். எவரேனும் 'யார் எதிரே வந்தது?' என்று கேட்டால், 'சாலையில் என்ன கிடந்தது?' என்று நாம் திருப்பிக் கேட்போம்.

எங்கள் தறிக்கூடத்தில் சென்ற ஆண்டும் ஆயுத பூஜை நடந்தது. அம்மாவின் மனநிறைவுக்காகப் பூசணிக்காயும் வாங்கினோம். ஆனால் அதை எடுத்துச் சுற்றும்படி அப்பா அழைத்தது அத்தையை. அத்தை தயங்கினார், அப்பாயி, "சுத்து சாமி" என்றார். சுற்றினார். உடைத்த இடம் தெருவன்று, எங்கள் புறக்கடை. காசுகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டார்கள். எஞ்சியதை அள்ளி எருக்குழியில் போட்டவள் நான்.

அடுத்த மழைக்கு அந்தக் குழி ஓரத்தில் பூசணிக்கொடி ஒன்று முளைத்திருந்தது.